ஒரு செமஸ்டர் மட்டும் பிரிஸ்பேன் போகலாமா? தூத்துக்குடி மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நான் தூத்துக்குடில பி.எஸ்சி கடல் உயிரியல் ரெண்டாம் வருஷம் படிக்கேன். அடுத்த ஜூலைல ஒரே ஒரு செமஸ்டர் ஆஸ்திரேலியா போய், பிரிஸ்பேன்ல குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டில படிச்சுட்டு வர ஒரு சான்ஸ் வந்திருக்கு. காலேஜ்ல இத எக்ஸ்சேஞ்ச்னு சொல்லுதாங்க. விசாரிக்கப் போன இடத்துல ஏஜென்ட் ஸ்டடி அப்ராட்னு சொல்லுதாரு, ஆறு லட்சம் இருந்தா போதும் மிச்சத்த பார்ட் டைம் வேலைல பாத்துக்கலாம்னும் சொல்லுதாரு. இதே மாதிரி போய்ட்டு வந்த ரெண்டு சீனியர்ட்ட கேட்டேன். ஒரு அக்கா என் வாழ்க்கையிலயே அதான் பெஸ்ட் டைம்ங்காங்க. இன்னொரு அண்ணன் போகாத, ரூம்ல தனியா கெடந்து அழுதேன், திரும்பி வந்து ரெண்டு பேப்பர் அரியர் எழுதினேன்ங்காங்க. அப்பா நாலு மாசத்துல என்னத்தப் படிச்சு கிழிக்கப் போற, அது டூர்தானங்காங்க. அம்மாவுக்கு பயம். யாரு சொல்றத நம்பறது? போகலாமா வேண்டாமா?

பதில்:

ரெண்டு சீனியரும் பொய் சொல்லலம்மா. நான் பிரிஸ்பேன்ல வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸுக்கு அட்வைசரா ரொம்ப நாள் வேலை பார்த்தவ, ஒரே செமஸ்டர்ல ஒரே வகுப்புல பக்கத்து பக்கத்துல உக்காந்த ரெண்டு பேர் இப்படி நேர் எதிர் கதை சொல்றத சாதாரணமா கேட்டிருக்கேன். ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி எதையெல்லாம் முடிச்சிட்டு ஏறினாங்கங்கறதுலதான் வித்தியாசமே இருக்கும். முழு டிகிரிக்கு வர்றவங்களுக்கு தப்பு பண்ணி திருத்திக்க ரெண்டு மூணு வருஷம் இருக்கு, வீடு சரியில்லயா மாத்திக்கலாம், சப்ஜெக்ட் பிடிக்கலயா அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம். உனக்கு இருக்கறது 13 வாரம் வகுப்பு, நடுவுல ஒரு வாரம் லீவு, அப்புறம் பரீட்சை, அவ்ளோதான். அங்க போய் பாத்துக்கலாம்னு நீ விட்டுட்டுப் போற ஒவ்வொண்ணும் அந்த 13 வாரத்தத்தான் தின்னும்.

அதனால சீனியர்ஸ்ட்ட எப்படி இருந்துச்சுன்னு பொதுவா கேக்காத. எங்க தங்கினீங்க, கிச்சன யாரோட ஷேர் பண்ணீங்க, எந்த பேப்பருக்கு பதிலா எந்த பேப்பர எடுத்தீங்க, அத காலேஜ் எழுத்துல குடுத்துச்சா, இப்படி கேளு. அந்த அண்ணனோட அரியர் எங்க இருந்து வந்துச்சுன்னு நாலாவது கேள்விக்குள்ள தெரிஞ்சிரும்.

முதல்ல அந்த எக்ஸ்சேஞ்ச், ஸ்டடி அப்ராட் குழப்பத்த தீத்துக்கோ, ஏன்னா மத்த எல்லா கணக்கும் இதுல நிக்குது. எக்ஸ்சேஞ்ச்னா ரெண்டு பக்கமும் ஒப்பந்தம் இருக்கும், நீ உன் காலேஜ் ஃபீஸ இங்கயே கட்டுவ, அங்க ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. ஸ்டடி அப்ராட்னா ஒப்பந்தம் இல்லாமலே யார் வேணா அப்ளை பண்ணலாம், ஆனா அங்க உள்ள முழு ஃபீஸும் உன் தலைல, ஒரு செமஸ்டருக்கே பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலரத் தாண்டிரும் (நான் டாலர்னு சொல்றது எல்லாம் ஆஸ்திரேலிய டாலர்தான்). ஃபீஸ் கட்ற ஸ்டூடன்ட்ட சேத்து விட்டா ஏஜென்ட்டுக்கு கமிஷன் வரும், எக்ஸ்சேஞ்ச்ல அவருக்கு பொதுவா ஒண்ணும் கிடையாது. அவர் கெட்டவர்னு நான் சொல்லல, அவர் எந்த வார்த்தைய எதுக்கு சொல்றார்னு மட்டும் புரிஞ்சுக்கோ. காலேஜ்ல ஒப்பந்தத்த கண்ணுல காட்டச் சொல்லு, அதுல உன் டிபார்ட்மென்ட் இருக்கா, எத்தன சீட்டு, எந்த வருஷம் வரைக்கும் செல்லும்னு பாரு. காலாவதியான ஒப்பந்தத்த நம்பி பாஸ்போர்ட் எடுத்த பசங்களும் இருக்காங்க. இன்னொண்ணு, நெட்ல நியூ கொழும்பு பிளான் ஸ்காலர்ஷிப்னு பாத்து நெறைய பேர் ஆசைப்படறாங்க, அது 2014ல ஆரம்பிச்ச ஆஸ்திரேலிய அரசாங்க திட்டம்தான், ஆனா ஆஸ்திரேலியப் பசங்கள நம்ம பக்கத்து நாடுகளுக்கு அனுப்பறதுக்கு. நமக்கு இல்ல.

இப்ப அரியர் விஷயம். ஆஸ்திரேலியால பெரும்பாலான இடத்துல ஒரு செமஸ்டருக்கு நாலு சப்ஜெக்ட்தான் முழு லோடு. குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டில சப்ஜெக்ட்ட கோர்ஸ்ம்பாங்க, ஒரு கோர்ஸ் வழக்கமா 2 யூனிட், நாலு சேத்து 8 யூனிட். உன் அஞ்சாவது செமஸ்டர்ல எத்தன பேப்பர் இருக்கும், ப்ராக்டிகல் சேத்து ஆறு ஏழு வருமா? ஆறுக்கு நாலு போனா மிச்சம் ரெண்டு எங்க போகும், அதான் அந்த அண்ணன் எழுதின ரெண்டு. யாரும் ஏமாத்தல, யாரும் உக்காந்து கூட்டிக் கழிச்சுப் பாக்கல, அவ்வளவுதான். போறதுக்கு முன்னாடியே உங்க ஹெச்ஓடியும் பரீட்சை கன்ட்ரோலரும் கையெழுத்து போட்ட ஒரு லெட்டர் வேணும், அதுல அங்க எடுக்கற இந்த கோர்ஸ் இங்க இந்த பேப்பருக்கு ஈடு, மிச்சம் இந்த ரெண்டு பேப்பர இந்த செமஸ்டர்ல இப்படி முடிக்கணும்னு பேரோட நம்பரோட இருக்கணும். வாய்ல சொன்னது வேண்டாம், நீ திரும்பி வர்றப்ப ஹெச்ஓடி மாறியிருக்கலாம்.

அந்த லெட்டர்ல நாலு கோர்ஸுக்கு மட்டும் அப்ரூவல் வாங்கினா பத்தாது, ஏழெட்டு கோர்ஸுக்கு வாங்கிக்கோ. அங்க போனதும் ஒரு கோர்ஸ் டைம்டேபிள் இடிக்கும், இன்னொண்ணுக்கு முன்னாடி ஒரு பேப்பர் படிச்சிருக்கணும்பாங்க, ஒண்ணுல லேப் சீட்டு நிரம்பியிருக்கும், முதல் வாரத்துல மாத்தறது ரொம்ப சகஜம். மாத்தின கோர்ஸுக்கு இங்க அப்ரூவல் இல்லனா மறுபடி அரியர்தான். ஒவ்வொரு கோர்ஸுக்கும் கோர்ஸ் ப்ரொஃபைல்னு ஒண்ணு வெப்சைட்ல இருக்கும், எந்த வாரம் என்ன பாடம், எதுக்கு எத்தன சதவீதம் மார்க்குன்னு எல்லாம் போட்ருப்பாங்க, போன வருஷத்தோடத இப்பவே எடுத்து உங்க சிலபஸோட வச்சு ஹெச்ஓடிக்கு காட்டு, அவரும் சும்மா பேரப் பாத்து முடிவெடுக்க வேண்டியதில்ல. மார்க் மாத்தறதும் கேட்டு வச்சுக்கோ. அங்க கிரேடு 1லேர்ந்து 7 வரைக்கும், 4 வந்தா பாஸ், 7 வாங்கறது லேசு இல்ல. நல்லாப் படிக்கற பொண்ணு அங்க 5 வாங்கிட்டு வர, இங்க ஒருத்தர் ஏழுக்கு அஞ்சுனா 71 சதவீதம்னு கால்குலேட்டர்ல அடிச்சு சிஜிபிஏல போட்டா கண்ணீர்தான் வரும். வெறும் பாஸ்னு மட்டும் ஏத்துக்குவாங்களா இல்ல மார்க்கா மாத்துவாங்களா, மாத்தினா எந்த டேபிள்னு அதே லெட்டர்ல வாங்கிரு.

ஒரு நல்ல விஷயம், ஜூலை செமஸ்டர் நமக்கு சரியா பொருந்தும். அங்க ரெண்டாவது செமஸ்டர் ஜூலை கடைசில ஆரம்பிச்சு நவம்பர் நடுவுல பரீட்சையோட முடியும், நம்ம ஒத்தப்படை செமஸ்டரும் கிட்டத்தட்ட அதே காலம். பிப்ரவரி செமஸ்டர் போனா ஜூன் வரைக்கும் இழுக்கும், இங்க ஏப்ரல் பரீட்சை போயிரும். காலேஜ்ல யாராச்சும் பிப்ரவரி போயேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிரு.

பணத்துக்கு வருவோம். ஸ்டூடன்ட் விசா, அதாவது சப்க்ளாஸ் 500, அப்ளிகேஷன் ஃபீஸ் 2024 ஜூலைல 710 டாலர்லேர்ந்து 1,600 ஆச்சு, 2025 ஜூலைல 2,000 ஆக்கிட்டாங்க. நாலு மாசத்துக்குப் போறவளுக்கும் நாலு வருஷத்துக்குப் போறவனுக்கும் ஒரே ஃபீஸ்னா அநியாயம்தான், ஆனா கட்டணும், ரிஜெக்ட் ஆனாலும் திரும்ப வராது. அப்ளை பண்ற அன்னிக்கு ஆஸ்திரேலிய ஹோம் அஃபேர்ஸ் சைட்ல ஒரு தடவ பாத்துக்கோ, அடிக்கடி மாத்தறாங்க. மூணு மாசத்துக்கு உள்ள உள்ள படிப்புன்னா விசிட்டர் விசால போகலாம், உன்னோட செமஸ்டர் அதத் தாண்டுது, அதனால யாராச்சும் டூரிஸ்ட் விசால போய் அங்க மாத்திக்கலாம்னு சொன்னா காதுலயே போட்டுக்காத, 2024 ஜூலைலேர்ந்து அந்த வழிய அடைச்சாச்சு. கைல காசு காட்றதுக்கு ஒரு வருஷத்துக்கு 29,710 டாலர்னு கணக்கு, அத உன் மாசங்களுக்கு மட்டும் பிரிச்சா போதும், அஞ்சு மாசம்னா 12,400 கிட்ட, கூட டிக்கெட் செலவு. விசா ஃபார்ம்ல ஏன் ஆஸ்திரேலியா, ஏன் இந்தப் படிப்புன்னு கேப்பாங்க, அத ஏஜென்ட் எழுதி வச்ச பேப்பர பாத்து காப்பி அடிக்காத, உன் சொந்தக் கதையே நல்லா இருக்கு, கீழ சொல்றேன்.

செலவ நான் போடறேன் பாரு. வாடகை அங்க வாரக் கணக்கு, யுனிவர்சிட்டி இருக்கற செயின்ட் லூசியா, டூவாங், இன்டூரூபில்லி, ஆத்துக்கு அந்தப் பக்கம் டட்டன் பார்க், ஆனர்லி, இங்கெல்லாம் ஷேர் வீட்ல ஒரு ரூம் வாரம் 250லேர்ந்து 350 டாலர்னு வச்சுக்கோ, ஸ்டூடன்ட் அபார்ட்மென்ட்னா அதுக்கும் மேல. சுமாரா 20 வாரம்னா ஆறாயிரம் டாலர் அங்கேயே போச்சு. சமைச்சு சாப்பிட்டா சாப்பாடு ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு, விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ், போன், குளிருக்கு துணி, அட்வான்ஸ், எல்லாம் சேத்தா 13, 14 ஆயிரம் டாலர் வரும், டாலர் 58 ரூபான்னா எட்டு லட்சம் கிட்ட. இது ட்யூஷன் ஃபீஸ் இல்லாத கணக்கு. ஆறு லட்சம் போதும்னு சொன்னவர் மிச்ச ரெண்ட பார்ட் டைம்ல தள்றாரு. சட்டப்படி வகுப்பு நடக்கறப்ப ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேல பாக்கலாம், வாஸ்தவம். குறைஞ்சபட்ச சம்பளமும் 2025 ஜூலைலேர்ந்து மணிக்கு 24.95 டாலர், கேஷுவல்னா, அதாவது நிரந்தரம் இல்லாத வேலன்னா, அது மேல 25 சதவீதம். கேக்க நல்லாருக்கு, ஆனா நவம்பர்ல கெளம்பற பொண்ண ஆகஸ்ட்ல எந்தக் கடைக்காரன் வேலைக்கு எடுத்து ட்ரெயின் பண்ணுவான்? அப்படி ஈசியா எடுக்கறவன் பாதி சம்பளத்த கைல குடுக்கறவனாத்தான் இருப்பான். கெடச்சா கைச்செலவுக்கு ஆச்சு, அத நம்பி டிக்கெட் போடக்கூடாது.

என் அபிப்பிராயத்த நேராவே சொல்லிடறேன். எக்ஸ்சேஞ்சா இருந்து வீட்ல எட்டு லட்சத்த கடன் இல்லாம பொரட்ட முடிஞ்சா போ. ஸ்டடி அப்ராட் ஃபீஸையும் கட்டி, அதுக்கு நகைய வச்சோ வட்டிக்கு வாங்கியோ ஒரு செமஸ்டர் போறதா இருந்தா போகாத. அந்தக் காசுல பாதிய பின்னாடி எம்.எஸ்சிக்கு வச்சுக்கலாம்.

அடுத்து வீடு. தனியா ரூம்ல அழுதேன்னு சொன்னாரே அந்த அண்ணன், அவர் ஸ்டூடியோ எடுத்திருப்பாருன்னு நான் பந்தயம் கட்றேன், அட்டாச்டு பாத்ரூம், அதுக்குள்ளயே ஸ்டவ்வு, கதவ சாத்தினா உலகமே தெரியாது. பெத்தவங்களுக்கு அதுதான் பாதுகாப்பா தோணும், பாதுகாப்புதான், ஆனா நாலு மாசத்துல ஃப்ரெண்ட் கெடைக்கற இடம் லெக்சர் ஹால் கிடையாது, ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தி வெங்காயம் வதக்க இன்னொருத்தி அது என்னன்னு எட்டிப் பாக்கற கிச்சன்தான். ஷேர் கிச்சன் இருக்கற இடமா எடு, எல்லாரும் நம்மாளுங்களாவே இருக்கற வீடும் வேண்டாம், ஒருத்தர் கூட நம்மாள் இல்லாத வீடும் முதல் மாசம் கஷ்டமா இருக்கும், கலந்து இருந்தா நல்லது. குயின்ஸ்லாந்துல வாடகை அட்வான்ஸ பாண்ட்ம்பாங்க, பெரும்பாலும் நாலு வார வாடகை, அத வீட்டுக்காரர் பாக்கெட்ல வச்சுக்கக் கூடாது, ஆர்டிஏன்னு ஒரு அரசாங்க அமைப்புல கட்டணும், ரசீது உன் பேருக்கு வரும். இங்கேர்ந்தே போட்டோ பாத்து யாருக்கும் பணம் அனுப்பாத. முதல் பத்து நாள் யுனிவர்சிட்டி சொல்ற ஏதாவது தற்காலிக இடத்துல தங்கி நேர்ல பாத்து எடு, இல்ல யுனிவர்சிட்டியோட லிஸ்ட்ல இருக்கற இடத்த முன்னாடியே புக் பண்ணு.

சீசன் அங்க தலைகீழ், ஜூலை குளிர்காலம். பிரிஸ்பேன்ல குளிரான்னு மெல்போர்ன்காரங்க சிரிப்பாங்க, காலைல பத்து பன்னெண்டு டிகிரிதான், ஆனா பழைய மர வீட்ல ஹீட்டர் இருக்காது, காத்து எல்லா இடுக்குலயும் வரும், தூத்துக்குடிப் பொண்ணுக்கு ரெண்டு கம்பளி வேணும். போக்குவரத்து மட்டும் அப்பாட்ட பெருமையா சொல்லிக்கலாம், 2024 ஆகஸ்ட்லேர்ந்து குயின்ஸ்லாந்துல பஸ், ரயில், ஆத்துல போற ஃபெர்ரி எது ஏறினாலும் 50 சென்ட்தான், ஏர்போர்ட் ரயிலுக்கு மட்டும் இது கிடையாது. ஆத்து மேல கேம்பஸுக்குப் போற ஒரு பாலம் இருக்கு, அதுல கார் போகாது, பஸ்ஸும் சைக்கிளும் நடக்கறவங்களும் மட்டும்தான், அதனால டட்டன் பார்க் பக்கம் வீடு எடுத்தா நடந்தே வந்துரலாம்.

இனி நான் முக்கியமா நினைக்கறது, மூணாவது வாரம். முதல் வாரம் ஓ-வீக், அதாவது புதுசா வர்றவங்களுக்கான ஓரியன்டேஷன் வாரம், ஊர் திருவிழா மாதிரி இருக்கும், டென்ட் போட்டு க்ளப் எல்லாம் ஆள் பிடிக்கும், ஓசி டீ ஷர்ட், ஓசி சாப்பாடு, எல்லாரும் சிரிச்சு பேசுவாங்க, நீயும் வீட்டுக்கு போட்டோவா அனுப்புவ. மூணாவது வாரம் அதெல்லாம் அடங்கிரும். லோக்கல் பசங்களுக்கு ஸ்கூல்லேர்ந்து வந்த ஃப்ரெண்ட்ஸ் இருக்கு, பாதி பேருக்கு வேல இருக்கு, வகுப்பு முடிஞ்சதும் கெளம்பிருவாங்க, லெக்சர் ரெக்கார்டிங் வர்றதால பல பேர் வர்றதே இல்ல. மத்த எக்ஸ்சேஞ்ச் பசங்க, அமெரிக்காலேர்ந்தும் ஐரோப்பாலேர்ந்தும் வந்தவங்க, அவங்க ஒரு கூட்டமா சேந்து ஒரு வாரம் பைரன் பே, ஒரு வாரம் கேகாரி தீவு, லீவுல நியூசிலாந்துன்னு பறப்பாங்க, நல்ல பசங்கதான் உன்னையும் கூப்பிடுவாங்க, ஆனா ரெண்டு தடவ காசு இல்லன்னு சொன்னப்புறம் மூணாவது தடவ கூப்பிட மாட்டாங்க, அவங்க மேல தப்பும் இல்ல. அப்பதான் அம்மா நெனப்பு வரும், அம்மா ராத்திரி பத்து மணிக்கு வேலையெல்லாம் முடிச்சிட்டு போன் பண்ணா அங்க ரெண்டரை மணி, பிரிஸ்பேன் நமக்கு நாலரை மணி நேரம் முன்னாடி. தூக்கம் கெட்டு, காலை வகுப்பு போய், அதே நேரத்துல முதல் அசைன்மென்ட் வந்து நிக்கும். என் ஆபீஸ்ல வந்து அழுதவங்க முக்காவாசி அந்த மூணாவது நாலாவது வாரத்துலதான் வருவாங்க, எல்லாரும் எனக்கு மட்டும்தான் இப்படின்னு சொல்லுவாங்க.

இதுக்கு மருந்து தைரியம் கிடையாது, டைம்டேபிள்தான். ஓ-வீக்லயே பத்து க்ளப்ல பேர் குடுக்காம ஒண்ணு ரெண்டுல, வாராவாரம் ஒரே கெழமை ஒரே நேரத்துல நடக்கறதுல சேந்துரு, நீச்சல், பேட்மின்டன், மலையேறற க்ளப், எதுவா இருந்தாலும் சரி. அதே முகங்கள அஞ்சாறு தடவ பாத்தாத்தான் பேச்சு வரும். அம்மா கூட பேசற நேரத்த அங்க சாயங்காலம் ஏழு மணின்னு இப்பவே முடிவு பண்ணிக்கோ, நம்மூர்ல மதியம் ரெண்டரை, அவங்களும் சாப்பிட்டு உக்காந்திருப்பாங்க. கேம்பஸ்ல ஸ்டூடன்ட்ஸுக்கு இலவச கவுன்சிலிங் இருக்கு, பைத்தியத்துக்குத்தான் அங்க போவாங்கன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கே அத ஏர்போர்ட்டோட விட்டுட்டுப் போ. ஆகஸ்ட் 31 கிட்ட சென்சஸ் டேட்னு ஒரு தேதி வரும், அதுக்குள்ள ஒரு கோர்ஸ விட்டா ஃபீஸும் இல்ல, மார்க்ஷீட்ல ஃபெயிலும் இல்ல, அதத் தாண்டினா கஷ்டம். ஆனா ஸ்டூடன்ட் விசால இருக்கறதால நீயா ஒண்ண விட்ற முடியாது, இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான். மூணாவது நாலாவது வாரத்துலயே ஒரு கோர்ஸ் கைக்கு மீறுதுன்னு தெரிஞ்சா அந்தத் தேதிக்குள்ள போய் சொல்லு, அக்டோபர்ல வந்து சொன்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

வகுப்பு எப்படின்னு கேட்டா, லெக்சர் கேக்கற வேலதான், மார்க்கு டியூட்டோரியல்ங்கற சின்ன க்ரூப் வகுப்புலயும் லேப்லயும் அசைன்மென்ட்லயும் இருக்கு. ப்ரொஃபசர பேர் சொல்லி கூப்பிடுவாங்க, உனக்கு முதல்ல நாக்கு வராது, பழகிரும். டியூட்டோரியல்ல பேசலனா உனக்குத் தெரியலன்னு நெனச்சுக்குவாங்க, நம்ம ஊர்ல பேசாம இருந்தா அடக்கமான பொண்ணு, அங்க படிக்காம வந்த பொண்ணு. போறதுக்கு முன்னாடி ஒரு கேள்விய பேப்பர்ல எழுதிட்டுப் போய் முதல் பத்து நிமிஷத்துல கேட்டுரு, அப்புறம் சும்மா இருந்தாலும் பரவால்ல. க்ரூப் அசைன்மென்ட்ல ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, பல எக்ஸ்சேஞ்ச் பசங்களுக்கு அவங்க ஊர்ல வெறும் பாஸ் காட்டினா போதும், உனக்கு மார்க்கு சிஜிபிஏல ஏறும்னா நீயும் அவங்களும் ஒரே க்ரூப்ல இருந்தா கடைசி ராத்திரி நீதான் முழிச்சிட்டு எழுதுவ. முடிஞ்ச வரைக்கும் அங்கேயே டிகிரி படிக்கறவங்களோட சேரு.

அப்புறம் வாட்ஸ்அப்ல அசைன்மென்ட் எழுதித் தர்றோம்னு மெசேஜ் வரும், தமிழ்லயே கூட வரும். அத விக்கறது ஆஸ்திரேலியால 2020ல வந்த சட்டப்படி குற்றம், வாங்கினா யுனிவர்சிட்டி உன்ன விசாரிக்கும், அத விட மோசம், காசு வாங்கினவனே பின்னாடி உன் யுனிவர்சிட்டிக்கு சொல்லிருவேன்னு மெரட்டி இன்னும் காசு கேப்பான். டைம் பத்தலனா கடைசித் தேதிக்கு முன்னாடியே எக்ஸ்டென்ஷன் கேளு, உடம்பு சரியில்லனு டாக்டர் லெட்டர் இருந்தா குடுப்பாங்க. தேதி தாண்டி சார் மன்னிச்சிருங்கன்னு மெயில் போட்டா நம்ம ஊர் மாதிரி எறங்க மாட்டாங்க.

இப்ப உன் பாடத்துக்கு வர்றேன், உங்க அப்பாவுக்கு பதில் இங்கதான் இருக்கு. பிரிஸ்பேன்ல எறங்கினதும் பவளப்பாறை தெரியும்னு நெனைக்காத, கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கிலோமீட்டர் நீளம், ஆனா அதோட தெக்குக் கோடியே பிரிஸ்பேன்லேர்ந்து வடக்க நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான். குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டிக்கு ஹெரான் தீவுல ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கிளாட்ஸ்டன் ஊர்லேர்ந்து கடல்ல 80 கிலோமீட்டர், பாறை மேலயே உக்காந்திருக்கற தீவு. நகரத்துக்கு பக்கத்துலயே நார்த் ஸ்ட்ராட்புரோக் தீவுல, அதாவது மின்ஜெரிபாவுல, இன்னொரு நிலையம் இருக்கு, மோர்டன் பே ஆராய்ச்சி நிலையம். அந்த பே-ல கடல்பசு நூத்துக்கணக்குல இருக்கு, அவ்ளோ பெரிய நகரத்துக்கு பக்கத்துல. உனக்கு இது வெறும் டூரிஸ்ட் செய்தி இல்ல. உங்க ஊர்லேர்ந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடால 21 தீவும் பவளப்பாறையும் இருக்கு, அத 1986லயே தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு. பாக் விரிகுடால கடல்பசுவுக்குன்னே 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022ல வந்துச்சு. ரெண்டு கடலும் சூடாகுது, ரீஃப்ல 2016, 2017, 2020, 2022, 2024னு திரும்பத் திரும்ப பெரிய அளவுல பவளம் சூடு தாங்காம நெறம் போய் வெளுத்துச்சு. அங்க எப்படி அளக்கறாங்க, கடல்புல்ல எப்படி கணக்கெடுக்கறாங்க, மீனவர்களையும் பூர்வகுடி மக்களையும் எப்படி உள்ள சேக்கறாங்கன்னு நாலு மாசம் கிட்ட நின்னு பாத்துட்டு வந்த ஒரு பொண்ணுக்கு மன்னார் வளைகுடால வேல இருக்கு. விசா ஃபார்ம்லயும் இதத்தான் உன் பாஷைல எழுதணும்.

ஆனா ஃபீல்டு வேல இருக்கற கோர்ஸ் எடுத்தாத்தான் இது. நாலு தியரி எடுத்து உக்காந்தா அது யூடியூப்லயும் கெடைக்கும், அப்ப அப்பா சொன்னது சரிதான், டூர்தான். ஃபீல்டு கோர்ஸுக்கு சீட்டு கம்மி, தனியா செலவு கேப்பாங்க, எட்டு லட்சத்துல அதயும் சேத்துக்கோ. ஒப்பந்தம் உறுதியானதும் முதல் மெயில் அந்த கோர்ஸ நடத்தறவங்களுக்கே போடு, நான் அஞ்சாவது செமஸ்டர்ல வர்றேன், இந்தப் பாடம் படிச்சிருக்கேன், சேர முடியுமான்னு நாலு வரி போதும், பதில் போடுவாங்க.

அம்மாவுக்கு சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சாப்பாட்டுக்கு பிரச்சனை இல்ல, இந்தியக் கடை, இலங்கைக் கடை எல்லாம் இருக்கு. பெட்டில பொடி, ஊறுகாய், அப்பளம்னு எது வச்சாலும் ஏர்போர்ட் கார்டுல ஆமா இருக்குன்னு டிக் போட்டு காட்டிரணும், காட்டினத எடுத்துக்கிட்டா பொருள்தான் போகும், மறைச்சா ஃபைன், விசாவுக்கே கூட ஆபத்து. பச்சக் கறிவேப்பிலை, விதை, பால் சாமான் எதுவும் வைக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுக்கணும், ஆனா அது பல்லுக்கும் கண்ணாடிக்கும் பொதுவா குடுக்காது, பல்லு வேல இருந்தா இங்கயே முடிச்சிரு, ஒரு கண்ணாடி எக்ஸ்ட்ராவா போட்டுக்கோ. அவசரத்துக்கு 000. வசந்தத்துல மேக்பைனு ஒரு பறவ கூடு காக்க தலைல வந்து கொத்தும், அம்மாட்ட இத சொல்லாத.

கடல்ல மட்டும் கவனம், இத நான் சும்மா சொல்லல, உள்ளுக்கு இழுக்கற நீரோட்டத்துல வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸ் மூழ்கறது அங்க நெசமாவே நடக்குது. சிவப்பும் மஞ்சளும் கலந்த ரெண்டு கொடிக்கு நடுவுல மட்டும்தான் எறங்கணும், கடற்கரைல பொறந்தவள்னு தெம்பா கொடிய தாண்டிப் போகாத. கடல் பாடம் படிக்கறவங்கள்லயே நீச்சல் தெரியாதவங்க எத்தன பேர்னு உனக்கே தெரியும், தெரியலனா ஃபீல்டு கோர்ஸ்ல உன்ன படகுலயே உக்கார வச்சிருவாங்க. ஜூலைக்கு இன்னும் மாசம் இருக்கு, நல்ல கோச் இருக்கற குளமா பாத்து இந்த வாரமே சேந்துரு. இந்தத் திங்கக்கெழம காலேஜ்ல அந்த ஒப்பந்தத்தயும் கேட்டுரு, அதுல ட்யூஷன் ஃபீஸ் தள்ளுபடின்னு எழுத்துல இருந்தா ஹெச்ஓடி லெட்டருக்கு நான் ஒரு மாதிரி எழுதித் தர்றேன், உன் செமஸ்டர் பேப்பர் லிஸ்ட்ட மட்டும் அனுப்பு.